சாலையோரப் பாதை: நீளம் மட்டும் போதுமா?



தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் பால்குடங்களும் காவடிகளும் டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை, மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரம், தார்ச்சாலை வழியாகவே செல்கின்றன. அன்று சாலையில் ஒரு தடத்தைத் தடுப்பு வைத்துப் பிரித்து, நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். பக்கத்துத் தடத்தில் பேருந்தும் காரும் ஊர்ந்து போகின்றன. எழுபது வயதைத் தாண்டிய பாட்டிகள் தலையில் பால்குடத்தோடு நடக்கிறார்கள். தள்ளுவண்டியில் கைக்குழந்தைகளும் போகின்றன.

இத்தனை பேர் இவ்வளவு தூரம் அச்சமின்றி நடப்பது எப்படி? சாலை அகலமாக இருப்பது மட்டும் அதற்குக் காரணமாகிவிடாது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒருவர் நின்று, கையைக் காட்டி வாகனத்தை நிறுத்துகிறார். காலுக்கு வழி விட்ட பிறகே சக்கரத்துக்கு வழி விடுகிறார்.

மறுநாள் தடுப்புகள் அகற்றப்படுகின்றன. அதே பாட்டி தம் புளோக்கிலிருந்து ஈரச்சந்தைக்குப் போக வேண்டும். இடையில் ஒரு கார் நிறுத்துமிட நுழைவாயில், ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு சாலைச் சந்திப்பு. நேற்று மூன்று கிலோமீட்டர் நடந்தவர், இன்று முந்நூறு மீட்டர் நடக்கத் தயங்குகிறார்.

குடியிருப்பு வட்டாரச் சாலைகளின் ஓரத்தில் நடக்கவும், மெதுவோட்டம் ஓடவும், சைக்கிள் ஓட்டவும் பாதை அமைக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எத்தனை கிலோமீட்டர் என்பதையா, எங்கே அறுபடுகிறது என்பதையா? இன்றைய மன்றம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது.

கால்வாய் ஓரத்தில் பிறந்த பாதை

சிங்கப்பூரில் நிலம் எவ்வளவு அரிது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காடு சாலைகளுக்கே போய்விட்டது என்று 2013ஆம் ஆண்டின் நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டம் குறிப்பிட்டது. மக்கள் வாழும் வீடுகளுக்கான நிலம் அதைவிடச் சற்றுத்தான் அதிகம். இந்த நிலையில் உலாவுவதற்கென்று தனிப் பாதை போட இடம் எங்கே இருக்கிறது?

1990களின் தொடக்கத்தில் திட்டமிடுவோர் அதற்கு ஒரு விடை கண்டார்கள். பெரிய கால்வாய்களின் இரு கரைகளிலும் பராமரிப்புக்காக ஒதுக்கி வைத்த நிலம் சும்மா கிடந்தது. சாலைகளின் ஓரத்திலும் அப்படி ஒதுக்கிய துண்டு நிலங்கள் இருந்தன. அவற்றைக் கோத்து, ஒரு பூங்காவிலிருந்து இன்னொரு பூங்காவுக்குப் பாதை போட்டால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்தவைதாம் பூங்கா இணைப்புப் பாதைகள். காலாங் ஆற்றையொட்டிய பாதை அவற்றுள் முன்னோடி. கால்வாய் ஓரப் பாதைக்குப் பொதுவாக வைத்துக்கொண்ட அளவு, நடக்கவும் ஓட்டவும் 4 மீட்டர், மரம் நட 2 மீட்டர்.

அதன்பின் பாதைகள் வளர்ந்த வேகம் பாராட்டத்தக்கது. கிழக்குக் கடற்கரைப் பூங்கா, சாங்கி, பாசிர் ரிஸ், பிடோக் நீர்த்தேக்கம் ஆகியவற்றை இணைக்கும் 42 கிலோமீட்டர் சுற்றுப்பாதை 2007இல் திறக்கப்பட்டது. 2011 ஜூன் மாத இறுதியுடன் தஞ்சோங் பகாருக்கு மலாயா ரயில் வருவது நின்றபோது, 24 கிலோமீட்டர் நீள ரயில் தடம் நடப்பவர்களின் கைக்கு வந்தது. ஜூரோங் லேக் கார்டன்ஸிலிருந்து கோனி தீவு வரை செல்லும் 36 கிலோமீட்டர் ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ பாதை 2019இல் அமைந்தது. தீவையே வலம் வரும் 150 கிலோமீட்டர் பாதையில், கிழக்குப் பகுதியின் 75 கிலோமீட்டர் 2021 டிசம்பரில் நிறைவுற்றது.

கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனாலும் கால்வாய் ஓரப் பாதையில் ஒரு சிக்கல் தொடக்கத்திலேயே இருந்தது. கால்வாய் அதன் போக்கில் ஓடும். சாலை அதன் போக்கில் அதைக் குறுக்கே வெட்டும். தண்ணீர் பாலத்துக்கு அடியில் நிற்காமல் போய்விடும். மேலே நடந்து வந்தவர் சாலை ஓரத்தில் நின்றுவிடுவார். எதிர்ப்புறத்தில் பாதை தொடர்வது கண்ணுக்குத் தெரியும். நடுவில் நான்கு தடங்களும் ஓர் இரும்புத் தடுப்பும் இருக்கும். கடக்க வேண்டுமானால் இருநூறு மீட்டர் தள்ளியுள்ள விளக்குச் சந்திப்புக்குப் போய்த் திரும்பி வர வேண்டும்.

இந்தக் குறையைத் திட்டமிடுவோர் உணராமல் இல்லை. பீஷானிலிருந்து நகர மையத்துக்குக் காலாங் ஆற்றோரமாகவே செல்லும் சைக்கிள் வழியைப் பற்றி 2017இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் அறிவித்தபோது, பான் தீவு விரைவுச்சாலையைக் கடக்க ஒரு பாலமும், பெரிய சாலைக்கு அடியில் சுரங்கப் பாதையும் அத்திட்டத்தில் இடம்பெற்றன. பாதை ஏற்கெனவே இருந்தது. புதிதாகச் செலவிட வேண்டியிருந்தது அறுந்த இடங்களை ஒட்டத்தான்.

ஒரு தடத்தை விட்டுக்கொடுத்த சாலை

கால்வாய் இல்லாத இடத்தில் சாலையே இடம் கொடுத்தால்தான் பாதை உண்டு. அப்படி இடம் கொடுத்த சாலை ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. அதுதான் பழைய அப்பர் தாம்சன் சாலை.

மூத்த நேயர்கள் சிலருக்கு அந்தச் சாலை வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் அங்கேதான் நடந்தது. வளைந்து நெளிந்து காட்டோரமாகச் செல்லும் அந்தச் சாலையில், ஒரு காலத்தில் வேகம் ஒன்றே பேச்சாக இருந்தது.

சாலையின் ஒரு பக்கம் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதி. மறுபக்கம், ஒரு காலத்தில் ஹைனானியர் கிராமம் இருந்த இடத்தில் தாம்சன் இயற்கைப் பூங்கா 2019இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அச்சாலையின் இரண்டு தடங்களில் ஒன்று வாகனங்களிடமிருந்து எடுக்கப்பட்டு, உலாப் பாதையாக்கப்பட்டது. இரவு நேரத்தில் ஒரு பகுதியை வாகனங்களுக்கு மூடவும் ஏற்பாடு செய்யப்பட்டது.

இது மனிதர்களை மட்டும் மனத்தில் வைத்துச் செய்த மாற்றமன்று. அழுங்கு போன்ற காட்டு விலங்குகள் அச்சாலையைக் கடக்கின்றன. ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் எனப்படும், அழியும் நிலையிலுள்ள அரிய வகைக் குரங்கும் அங்கு வாழ்கிறது. அது மரத்துக்கு மரம் தாவுவது. சாலை அகலமாக இருந்தால் தாவ முடியாமல் தரையில் இறங்க நேரிடும். ஆகவே சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. குரங்குகள் அவற்றைப் பயன்படுத்தவும் தொடங்கின.

இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கயிற்றுப் பாலம் கட்டுவதற்கு முன் அந்தக் குரங்குகள் எங்கே வாழ்கின்றன, எந்தப் பக்கம் போகின்றன, எங்கே தடைபடுகின்றன என்று பார்க்கப்பட்டது. கடக்கும் இடம் தெரிந்த பிறகுதான் பாலம் வந்தது. குரங்குக்குக் கிடைத்த இந்தக் கவனிப்பு, சந்தைக்குப் போகும் பாட்டிக்கும் கிடைக்க வேண்டுமல்லவா?

நான்கு நொடிக் கணக்கு

ஒரு சிறு காட்சி. காலை ஒன்பது மணி. பாட்டி ஒருவர் சந்தைப் பையோடு பேருந்திலிருந்து இறங்குகிறார். நிறுத்தத்தை ஒட்டியே சைக்கிள் பாதை. தொடக்கக் கல்லூரி மாணவன் ஒருவன் சைக்கிளில் வருகிறான். மணி அடிக்கிறான். பாட்டி நடுப்பாதையில் அப்படியே நின்றுவிடுகிறார். சைக்கிள் கிரீச்சிட்டு ஓரடி தள்ளி நிற்கிறது.

“பாட்டி, பெல் அடிச்சேனே, கேக்கலையா?”

“கேட்டுச்சுய்யா. எந்தப் பக்கம் ஒதுங்கணும்னுதான் தெரியல.”

இருவர் மீதும் தவறில்லை. மாணவன் மணி அடித்தான். பாட்டிக்கும் காது கேட்டது. தவறு அந்த இடத்தை வரைந்த கோட்டில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது இன்னும் விளங்கும். சைக்கிள் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். அப்படியென்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். பாட்டியின் நடை நொடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மீட்டர் அகலமுள்ள பாதையைக் கடக்க அவருக்கு நான்கு நொடி ஆகும். அந்த நான்கு நொடிக்குள் சைக்கிள் 28 மீட்டர் வந்துவிடும். ஆகவே பாட்டி முதல் அடி எடுத்து வைக்கும்போது, குறைந்தது 30 மீட்டர் தொலைவு வரை இருவர் கண்ணுக்கும் மறைவில்லாமல் தெரிய வேண்டும். நடுவில் ஒரு விளம்பரப் பலகையோ அடர்ந்த வேலிச்செடியோ நின்றால், அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

மனிதர்களிடம் பொறுமை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 28 மீட்டர் தொலைவு தெரியாத இடத்தில் பொறுமைசாலியும் மோதிவிடுவார்.

பாதை அறுபடும் நான்கு இடங்கள்

நேர்ப்பாதையில் யாரும் தயங்குவதில்லை. தயக்கம் வருவது குறிப்பிட்ட சில இடங்களில்தான். அவற்றுள் நான்கு முக்கியமானவை.

முதலாவது, கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயில். வீவக பேட்டைகளில் சாலையோரப் பாதையை இவை அடிக்கடி வெட்டுகின்றன. வழக்கமாக என்ன நடக்கிறது? நடைபாதை சரிந்து தார்ச்சாலையின் மட்டத்துக்கு இறங்குகிறது. கார் தன் மட்டத்திலேயே போகிறது. நடப்பவர் இறங்கி ஏற வேண்டும். நெதர்லாந்து போன்ற நாடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நடைபாதை அதே மட்டத்தில், அதே நிறத்தில், வெட்டுப்படாமல் தொடர்கிறது. கார்தான் மேட்டில் ஏறி இறங்க வேண்டும். ஏற வேண்டியிருப்பதால் ஓட்டுநர் தாமாகவே வேகத்தைக் குறைக்கிறார். இங்கு வழி யாருக்கு உரியது என்பதை அறிவிப்புப் பலகை இல்லாமலே அந்த மேடு சொல்லிவிடுகிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் ஏற்ற இறக்கம் மிச்சம்.

இரண்டாவது, பேருந்து நிறுத்தம். சைக்கிள் பாதை நிறுத்தத்துக்கு முன்னால் போனால், இறங்குபவர் நேராக சைக்கிளின் மீது இறங்குவார். பாதையை நிறுத்தத்தின் பின்புறமாகத் திருப்பிவிடுவது பாதுகாப்பானது. பின்னால் இடமில்லை என்றால், அந்த இருபது மீட்டருக்கு சைக்கிளோட்டி இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும் என்று தெளிவாக வரைந்து காட்ட வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறத்தை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டுப் போவதுதான் பெரிய தவறு. பாட்டிக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் போனது அதனால்தான்.

மூன்றாவது, விளக்குச் சந்திப்பு. இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல விடை உண்டு. 2009இல் அறிமுகமான ‘பச்சை மனிதன் பிளஸ்’ வசதியில், மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் காட்டினால், கடக்கும் இடத்தின் அகலத்தைப் பொறுத்துக் கூடுதலாக 3 முதல் 13 நொடி வரை கிடைக்கும். அந்த நொடிகள் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். முழங்கால் வலியோடு நடப்பவருக்குச் சாலையின் நடுவில் மாட்டிக்கொள்வதற்கும் கரை சேர்வதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். 2014 முதல் மூத்தோர் மிகுந்த வட்டாரங்களில் அமைக்கப்பட்டுவரும் ‘சில்வர் ஸோன்’ சாலைகளில், நடுவே நின்று இளைப்பாறத் திட்டும், வாகனங்களுக்குக் குறைந்த வேகமும் வந்தன. உலாப் பாதை எந்தச் சந்திப்பில் சாலையைக் கடக்கிறதோ, அங்கே இந்த வசதிகளும் சேர்ந்து வந்தால்தான் பாதை முழுமை பெறும்.

நான்காவது, மரமும் மழையும். 1963இல் தொடங்கிய மரம் நடும் இயக்கத்தின் பயனை இன்றைய சாலைகள் அனுபவிக்கின்றன. நிழல் இல்லாத பாதையில் நண்பகலில் யாரும் நடக்க மாட்டார்கள். அதே வேளையில், வளர்ந்த மரத்தின் வேர் நடைபாதையைத் தூக்கிவிடும். தூக்கிய கல்லில் இடறி விழுவது இளையருக்கு ஒரு சிராய்ப்பு. முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவாகிவிடலாம். ஆகவே மரத்துக்கும் பாதைக்கும் இடையே வேர் ஓட மண் வேண்டும். தெருவிளக்கு மரக்கிளைக்கு மேலே இருந்தால், இரவில் இலைக்குத்தான் வெளிச்சம், தரைக்கு இருட்டு. பாதைக்கான விளக்கு கிளைக்குக் கீழே இருக்க வேண்டும். மழைநீர் தேங்கும் பள்ளத்தைத் தவிர்க்க மக்கள் சாலையில் இறங்கி நடப்பார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

சட்டம் செய்ததும் செய்ய இயலாததும்

பாதையைப் பகிர்ந்துகொள்ளும் சிக்கலைச் சட்டத்தால் தீர்க்க முயன்ற வரலாறும் இங்கு உண்டு. 2007 மே மாதம் தெம்பனிசில் நடைபாதையில் சைக்கிள் ஓட்ட அனுமதிக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. 2010இல் அது நிரந்தரமாகி, தெம்பனிஸ் நாட்டின் முதல் சைக்கிள் நகரமானது. பிறகு மற்ற நகரங்களிலும் பாதைகள் வந்தன.

அதன் பின்னால் மின் ஸ்கூட்டர்கள் வந்தன. பாதை அதே அகலம். வேகம் மட்டும் கூடியது. பாதைப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2018 மே மாதம் நடப்புக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் நடைபாதை வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில், மின் ஸ்கூட்டர் ஒன்றுடன் மோதியதில் சைக்கிளில் சென்ற முதிய மாது ஒருவர் உயிரிழந்தார். நவம்பர் 5ஆம் தேதி முதல் நடைபாதைகளில் மின் ஸ்கூட்டர் தடை செய்யப்பட்டது. அதை நம்பி உணவு விநியோகம் செய்து பிழைத்தவர்கள் தவித்ததையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2025 ஜூலை 1 முதல் இன்னொரு மாற்றம் வந்தது. சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே உள்ள நடைபாதைகள், நடப்பவர்களுக்கு மட்டுமே உரியவை ஆயின. அங்கே சைக்கிள் ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இது நடப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் சட்டம் பேசுவது இரண்டு பாதைகள் பக்கம் பக்கமாக இருக்கும் இடத்தைப் பற்றி. இரண்டும் ஒன்றாகக் குறுகும் இடத்தில், அதாவது பேருந்து நிறுத்தத்திலும் சந்திப்பிலும், பழைய தயக்கம் அப்படியே காத்திருக்கிறது. அங்கே பாட்டிக்குத் துணை நிற்க வேண்டியது நல்ல வடிவமைப்பு.

2020இல் நாடு முழுவதும் 460 கிலோமீட்டராக இருந்த சைக்கிள் பாதைகளை, 2030க்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டராக உயர்த்துவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இலக்கு. நல்ல இலக்குதான். அதோடு இன்னொரு எண்ணையும் சேர்த்து வெளியிட்டால் என்ன? இந்த ஆண்டு எத்தனை சந்திப்புகளில் பாதை அறுபடாமல் ஒட்டப்பட்டது என்ற எண். கிலோமீட்டரை எண்ணினால் கிலோமீட்டர் வளரும். சந்திப்புகளை எண்ணினால் சந்திப்புகள் சீராகும்.

மறுதரப்பின் நியாயம்

பட்டிமன்றம் என்றால் மறுதரப்பும் பேச வேண்டும். காரோட்டிகள் கேட்கும் கேள்வி நியாயமானது. ஒரு தடத்தை எடுத்துவிட்டால் நெரிசல் எங்கே போகும்? பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் தாயும், சரக்கு இறக்கும் கடைக்காரரும், நாளெல்லாம் ஓட்டிப் பிழைக்கும் டாக்சி ஓட்டுநரும் அந்தச் சாலையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

பழைய அப்பர் தாம்சன் சாலையில் செய்ததை எல்லாச் சாலையிலும் செய்ய முடியாது என்பதும் உண்மை. அதற்கு இணையாக அப்பர் தாம்சன் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. மாற்றுவழி இருந்ததால் விட்டுக்கொடுக்க முடிந்தது. மாற்றுவழி இல்லாத இடத்தில் தடத்தை எடுத்தால், வாகனங்கள் புளோக்குகளுக்கு இடையிலான சிறிய சாலைக்குள் நுழையும். அங்கே விளையாடும் பிள்ளைகளுக்கு அது இன்னும் ஆபத்து.

சைக்கிளோட்டிகளுக்கும் குறை உண்டு. சிவப்பு நிறப் பாதையில் போ என்கிறார்கள். போனால் அங்கே மூவர் கைகோத்து நடக்கிறார்கள். நாய்க்கயிறு குறுக்கே கிடக்கிறது. நடப்பவர் சைக்கிள் பாதையில் நடப்பது குற்றமில்லைதான். பக்கத்தில் தமக்கென்று பாதை இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். உரிமை கேட்கும் கால்களுக்கும் ஒழுங்கு உண்டல்லவா?

இவ்வளவையும் ஒப்புக்கொண்டாலும், இன்றைய மன்றத்தின் வாதம் தளர்வதில்லை. சந்திப்பைச் சீராக்குவதற்கு ஒரு முழுத் தடம் தேவைப்படாது. ஒரு மேடு, ஒரு திருப்பம், வெட்டிவிட்ட செடி, கூடுதலாகச் சில நொடிகள். காரோட்டி இழப்பது அந்தச் சில நொடிகளை. பாட்டி பெறுவது வீட்டை விட்டு வெளியே வரும் துணிச்சலை. 2023இல் நிலப் போக்குவரத்து ஆணையம் அங் மோ கியோ, தோ பாயோ, தெம்பனிஸ், புக்கிட் பாத்தோக் வெஸ்ட், வெஸ்ட் கோஸ்ட் ஆகிய ஐந்து இடங்களில் அறிவித்த ‘ஃபிரண்ட்லி ஸ்ட்ரீட்ஸ்’ முன்னோடித் திட்டம், உயர்த்திய கடப்பிடங்கள், நீண்ட பச்சை விளக்கு போன்ற இத்தகைய சிறு மாற்றங்களையே நாடியது.

துணிச்சல் என்று சொல்வது மிகையன்று. முதியவர் ஒருவர் நடையை நிறுத்திவிட்டால், முதலில் சந்தை நிற்கும். அடுத்து கோயில் நிற்கும். பிறகு தோழிகளுடன் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசுவதும் நிற்கும். கடைசியில் தொலைக்காட்சி ஒன்றே துணையாகும். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். ஆனாலும் உண்மை அதுதான்.

ஒரு பென்சிலும் ஒரு தாளும்

இதில் நேயர்கள் செய்யக்கூடியது என்ன?

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டிலுள்ள தாத்தாவையோ பாட்டியையோ அழைத்துக்கொண்டு அவர்கள் வழக்கமாகப் போகும் இடத்துக்கு நடந்து போங்கள். முன்னால் போக வேண்டாம். கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். ஓரடி பின்னால் நடந்து, அவர்களின் கால்களை மட்டும் கவனியுங்கள். எங்கெல்லாம் கால் நிற்கிறதோ, அங்கெல்லாம் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். ஏன் நின்றது என்று ஒரு சொல் எழுதுங்கள். கார் வந்தது, மணி கேட்டது, கல் தூக்கியிருந்தது, விளக்கு மாறிவிட்டது, இப்படி.

அந்தத் தாளில் உள்ள புள்ளிகள்தாம் உங்கள் வட்டாரத்தின் உண்மையான திட்டப்படம். வரைபட மேசையில் இருக்கும் பொறியாளருக்கு அகலமும் நீளமும் தெரியும். அந்தப் புள்ளிகள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடாது. தூக்கிய கல், எரியாத விளக்கு, மறைக்கும் செடி ஆகியவற்றை ‘ஒன்சர்வீஸ்’ செயலியில் படத்தோடு அனுப்பலாம். பாதை வடிவமைப்பைப் பற்றியது என்றால், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் அந்தத் தாளைக் கொடுக்கலாம். புதிய பாதைக்கான திட்டங்கள் சமூக மன்றத்தில் காட்சிக்கு வைக்கப்படும்போது, பேரப்பிள்ளைகள் பாட்டியை அழைத்துப் போக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் தமிழில் சொல்வதை அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பாதையைப் பற்றிப் பேசும் தகுதி அதிகம் உள்ளவர், அங்கே வாய் திறக்காமல் திரும்பிவிடக்கூடாது.

“பாதை சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். “இந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் சைக்கிள் வருவது தெரியவில்லை, பலகை மறைக்கிறது” என்று சொன்னால் செய்து தருவதற்கு வழி பிறக்கும். இடத்தைச் சுட்டிக் காட்டும் புகாருக்கு எப்போதும் எடை கூடுதல்.

தைப்பூச ஊர்வலத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று கை காட்டும் அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும், எல்லாச் சந்திப்பிலும் ஒரு மனிதரை நிறுத்த முடியாது. அவர் செய்யும் வேலையை ஒரு மேடு செய்யலாம். ஒரு விளக்கு செய்யலாம். பின்புறமாகத் திரும்பும் ஒரு வளைவு செய்யலாம். நல்ல சாலையோரப் பாதை என்பது, அந்த மனிதரின் கையைக் கல்லிலும் தாரிலும் நிலையாகப் பதித்து வைப்பதுதான்.

பாட்டி சந்தைக்குப் போய்த் திரும்பட்டும். பேரன் கல்லூரிக்கு நேரத்தோடு போகட்டும். இருவரும் ஒரே பாதையில் எதிரெதிரே வரும்போது, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பது இருவருக்கும் கேட்காமலே தெரியட்டும்.